ரசீதில் எழுதாத உழைப்பு

ஜொகூர் தனியார் கிளினிக்குகளின் கணக்கு வழக்கு: மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கும் கவுண்டரின் கதை

மாலை ஏழு மணிக்கு மேல் ஜொகூரின் எந்தத் தாமானுக்குப் (குடியிருப்புப் பகுதிக்குப்) போனாலும், கடைவீட்டு வரிசையில் ஒரு கிளினிக் மட்டும் கூட்டமாக இருக்கும். மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய், குளுவாங், சிகாமட் என்று ஊர்ப்பெயர் மாறும், காட்சி ஒன்றுதான். பாசீர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர், பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலையிலிருந்து திரும்பியவர், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் சாய்த்திருக்கும் தாய், சர்க்கரை மருந்து தீர்ந்துபோன தாத்தா என்று எல்லாரும் ஒரே கண்ணாடித் தடுப்பின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு முதலில் கேட்பது இதைத்தான்: "கேஷா, பேனலா?"

அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் அதற்குப் பிறகு நடக்கும் பலவற்றைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வெள்ளிக்குள் (ரிங்கிட்டுக்குள்) மருந்து தரலாம், எத்தனை நாளுக்குத் தரலாம், யாரிடம் முன் அனுமதி கேட்க வேண்டும், கிளினிக்குக்கு இன்றே பணம் வருமா மூன்று மாதம் கழித்து வருமா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே கணக்கு வேலை தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கு வேலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கிளினிக்கில் கட்டணம் கூடினால் "டாக்டர் காசு பறிக்கிறார்" என்கிறோம். கவுண்டரில் தாமதமானால் அங்கிருக்கும் பெண்ணைத் திட்டுகிறோம். ஆனால் மலேசியாவில் தனியார் கிளினிக்கின் ரசீது பல ஆண்டுகளாக ஓர் உண்மையைச் சொல்லாமலே வந்திருக்கிறது. மருத்துவரின் நேரத்துக்கும் அறிவுக்கும் என்ன விலை என்பதை அது மருந்து விலைக்குள் மறைத்து வைத்திருந்தது. அந்த மறைப்பால் நோயாளி, மருத்துவர், கவுண்டர் ஊழியர் என மூவருமே நட்டப்பட்டிருக்கிறார்கள். ரசீது உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினால்தான் இந்தச் சிக்கல் அவிழும்.

தோட்டத்தில் ரசீது கிடையாது

ஜொகூர்த் தமிழர்களுக்கு மருத்துவ ரசீது என்பதே ஒரு தலைமுறைக்கு முந்திய பழக்கம் இல்லை. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நோய் வந்தால் தோட்டத்து மருந்தகத்துக்குப் போவார்கள். அங்கே டிரஸர் இருப்பார். காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குத் தையல், பிரசவத்துக்குத் துணை, பெரிய நோயென்றால் மருத்துவமனைக்குச் சீட்டு என எல்லாம் அவர் கையில். தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் சட்டக் கடமையாகக் காலனி ஆட்சியிலேயே எழுதப்பட்டது. டிரஸர்களைப் பதிவு செய்ய 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமே வந்தது. 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதி, குறைந்தபட்ச வசதிகள் சட்டத்திலும் தோட்ட மருத்துவ வசதிக்கு இடம் இருந்தது.

அந்த வசதியின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் அங்கே கையில் ரசீது கொடுத்துக் காசு வாங்கும் வழக்கம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது குடும்பங்கள் தாமான்களுக்கு வந்தன. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஆனால் அங்கே அரை நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று கணக்குப் பார்த்தவர்கள் பக்கத்துத் தனியார் கிளினிக்கை நாடினார்கள். தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே கட்டணம் கட்டும் 'பேனல் கிளினிக்' ஏற்பாடு செய்தன. தோட்டத்து டிரஸரின் மகளோ பேத்தியோ அந்த கிளினிக்கின் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜொகூரின் எத்தனையோ கவுண்டர்களில் தமிழ்ப் பெண்கள் இருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

பெரிய தனியார் மருத்துவமனைக்கும் இந்த மாநிலம் முன்னோடிகளில் ஒன்று. ஜொகூர் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகம் 1981-இல் ஜொகூர் பாருவில் திறந்த ஜொகூர் ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனையில் இருந்துதான் இன்று நாடெங்கும் பரவியிருக்கும் கே.பி.ஜே. மருத்துவமனைக் குழுமம் வளர்ந்தது. ஆக, சிறு கிளினிக் முதல் பெருமருத்துவமனை வரை, மருத்துவ ரசீதின் கதையை ஜொகூரில் நின்றே முழுதாகப் பார்க்கலாம்.

பத்து வெள்ளி முதல் முப்பத்தைந்து வெள்ளி வரை

மலேசியாவில் தனியார் மருத்துவத்தைக் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம். 1971-இன் தனியார் மருத்துவமனைகள் சட்டத்துக்கு மாற்றாக வந்த இது, 2006 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மருத்துவர் தன் பெயரைப் பதிவு செய்திருந்தால் போதும். அதன்பின் கிளினிக்கையும் பதிவு செய்தாக வேண்டும்.

அதே 2006-இல் வந்த கிளினிக் விதிமுறைகளின் ஏழாவது அட்டவணைதான் நம் கதையின் மையம். பொது மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்த்து ஆலோசனை சொல்ல 10 முதல் 35 வெள்ளி வரை வாங்கலாம் என்றது அது. இந்தத் தொகை 1992-லிருந்தே வழக்கில் இருந்தது என்று மருத்துவர் அமைப்புகள் சொல்லிவருகின்றன. சட்டத்தில் ஏறிய பிறகும் அது ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. மருத்துவமனைகளில் வேலை செய்யும் சிறப்பு மருத்துவர்களுக்கான பதின்மூன்றாவது அட்டவணை 2013-இல் திருத்தப்பட்டு 14.4 சதவீதம் கூட்டப்பட்டது. தாமான் கிளினிக் மருத்துவருக்கு அந்தத் திருத்தம் கிடைக்கவில்லை.

இதற்கிடையே செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடை வாடகை, மின்சாரம், மருத்துவக் கழிவை அகற்றும் ஒப்பந்தம், மென்பொருள் சந்தா, பொறுப்புக் காப்பீடு எனப் பட்டியல் நீளும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு மட்டும் அதே ஆண்டு ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள். சிறு கிளினிக்குகள் பல அந்த வரிசையில் வருபவை. ஊழியருக்குச் சம்பளம் கூடியது நியாயமானது, வரவேற்க வேண்டியது. ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய கிளினிக்கின் கட்டணம் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் கணக்கு எப்படி நேராகும்?

மருந்துக்குள் ஒளிந்த கட்டணம்

கணக்கு நேரானதற்குக் காரணம் மருந்து. தமிழ்நாட்டில் பொதுவாக மருத்துவருக்குக் கட்டணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவோம். இரண்டு செலவும் தனித்தனியாகத் தெரியும். மலேசியாவில் கிளினிக்கே மருந்தும் தரலாம். 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் மருத்துவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. நோயாளிக்கும் அது வசதி. காய்ச்சலோடு இன்னொரு கடைக்கு அலைய வேண்டாம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பெயர் எழுதிய உறைகளில் மாத்திரையும் ஒரு மொத்தத் தொகையும் தயாராக இருக்கும்.

அந்த மொத்தத் தொகையில்தான் சிக்கல். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருமலும் காய்ச்சலும் கண்ட ஒருவருக்கு மூன்று வகை மருந்து கொடுத்து 55 வெள்ளி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பத்து நிமிடம் பார்த்ததற்கு 20 வெள்ளி, மருந்துக்கு 35 வெள்ளி என்று உள்ளே பிரித்திருப்பார்கள். அதே மருந்தைப் பக்கத்து மருந்துக் கடையில் 15 வெள்ளிக்கு வாங்கலாம் என்றால், மீதி 20 வெள்ளி எங்கே போகிறது? வாடகைக்கும் சம்பளத்துக்கும், கட்டண வரம்பு தர மறுத்த மருத்துவரின் உழைப்புக்கும் போகிறது. மருந்து விலை, தன் சுமையோடு இன்னொருவர் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது.

இதன் விளைவு ஆழமானது. மருந்து தேவையில்லாத நோயாளிக்கு, 'ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மூன்று நாளில் சரியாகும்' என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பும் மருத்துவருக்கு வருமானம் குறைகிறது. நாலு மாத்திரை சேர்த்துக் கொடுப்பவருக்குக் கூடுகிறது. நல்ல மருத்துவத்தைத் தண்டித்து, கூடுதல் மருந்துக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு இது. எத்தனையோ மருத்துவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள்ளும் மனசாட்சியோடு வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் பெருமை. ஆனால் ஒரு துறையின் ஒழுங்கு தனிமனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

2025 மே 1 அன்று இந்த மறைப்பின் ஒரு பக்கம் திறந்தது. மருந்துகளின் விலையை நோயாளி பார்க்கும்படி அறிவிக்க வேண்டும் என்ற ஆணை, தனியார் மருத்துவமனை, கிளினிக், மருந்துக் கடை அனைத்துக்கும் நடைமுறைக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாப எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் பிறந்த ஆணை அது. முதல் மூன்று மாதம் தண்டம் இல்லை, அறிவுறுத்தல் மட்டுமே என்றது அரசு. மே 6 அன்று மலேசிய மருத்துவச் சங்கமும் பிற அமைப்புகளும் சேர்ந்து புத்ராஜெயாவில் பேரணி நடத்தின. வெள்ளைக் கோட்டோடு மருத்துவர்கள் தெருவில் நடந்தது மலேசியாவில் அரிதான காட்சி. சில்லறைக் கடைகளுக்கான சட்டத்தைக் கிளினிக்கின் மேல் ஏன் ஏற்றுகிறீர்கள், அசையாமல் கிடக்கும் ஆலோசனைக் கட்டணத்தை ஏன் தொடவில்லை என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள்.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. மருந்து விலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு வேண்டும். அதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆனால் மருந்து விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், அதுவரை மருந்துக்குள் ஒளிந்திருந்த மருத்துவரின் கட்டணத்துக்கும் ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். தென்கொரியா இதை 2000-ஆம் ஆண்டு கற்றது. மருத்துவர் மருந்து எழுதலாம், மருந்தாளர்தான் தரலாம் என்று அந்நாடு ஜூலையில் பிரித்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு அவர்களின் ஆலோசனைக் கட்டணத்தை அடுத்தடுத்து உயர்த்த வேண்டியதாயிற்று. ஒரு கதவைத் திறந்தால் மற்றொன்றையும் சேர்த்துத் திறக்க வேண்டும் என்பதே அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

பேனல் என்னும் கடன்

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். நோயாளி "பேனல்" என்று பதில் சொன்னால், அந்த வினாடியிலிருந்து கிளினிக் கடனுக்கு வேலை செய்யத் தொடங்குகிறது.

ஒருகாலத்தில் தொழிற்சாலை நிர்வாகம் நேரடியாகக் கிளினிக்கோடு பேசி மாதக் கடைசியில் பில் வாங்கிக் காசோலை அனுப்பும். இன்று நடுவில் மூன்றாம் தரப்பு நிர்வாக நிறுவனங்கள் வந்துவிட்டன. டி.பி.ஏ. என்றே கவுண்டரில் எல்லாரும் சொல்வார்கள். முதலாளியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ ஒப்பந்தம் செய்துகொண்டு, நாடெங்கும் கிளினிக்குகளைப் பேனலில் சேர்த்து, பில்களைச் சரிபார்த்துப் பணம் பட்டுவாடா செய்வது அவற்றின் தொழில்.

கவுண்டரில் இது எப்படி நடக்கிறது? முதலில் எந்த நிறுவனம், எந்த டி.பி.ஏ. என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி இணையத்தளம், தனிக் கடவுச்சொல். நோயாளியின் அடையாள எண்ணைத் தட்டினால் அவர் தகுதியானவரா, இந்த ஆண்டு வரம்பில் எவ்வளவு மிச்சம், ஒரு வருகைக்கு எவ்வளவு வரை என்று வரும். மனைவி மக்களுக்கு உரிமை உண்டா, நீண்டநாள் நோய் மருந்து சேருமா, வைட்டமின் சேருமா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. மருத்துவர் பார்த்த பிறகு நோயின் குறியீடு, மருந்து, விலை, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எத்தனை நாள் என்று பதிய வேண்டும். வரம்பைத் தாண்டினால் தொலைபேசியில் அனுமதி கேட்க வேண்டும்; அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் பத்துப் பேர் முணுமுணுப்பார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் மிச்சத்தை நோயாளியிடம் கேட்க வேண்டும். "கம்பெனிதானே கட்டும், என்னிடம் ஏன் கேட்கிறாய்?" என்ற கோபம் அந்தப் பெண்ணின் மேல்தான் விழும்.

பணம் வரும் நாள் அதற்கும் அப்பால். மாத பில் போன பிறகு ஒரு எண் பிசகினாலும், எம்.சி. நாளும் வருகை நாளும் பொருந்தாவிட்டாலும், குறியீடு அவர்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த வரி திரும்பி வரும். திரும்பியதைத் தேடி, திருத்தி, மறுபடி அனுப்ப ஒரு ஆள் வேண்டும். மீண்டும் உதாரணக் கணக்கு ஒன்று: மாதம் 60,000 வெள்ளிக்கு வேலை நடக்கும் கிளினிக்கில் பாதி பேனல் என்றால், 30,000 வெள்ளி கடனாகிறது. பணம் வர மூன்று மாதம் ஆனால் எந்நேரமும் 90,000 வெள்ளி வெளியே நிற்கும். மருந்து விநியோகிப்பவரும் கட்டட உரிமையாளரும் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார்கள். சம்பளநாளும் காத்திருக்காது. கிளினிக்கில் கூட்டம் நிரம்பியிருக்கும். வங்கிக் கணக்கு காலியாக இருக்கும். சிறு கிளினிக்குகள் மூடப்படும்போது நோயாளி குறைந்ததுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

டி.பி.ஏ.க்கள் கிளினிக்கிடம் வாங்கும் கட்டணமும் நீண்டநாள் சர்ச்சை. நோயாளியிடம் வாங்கிய தொகையில் ஒரு பங்கை இடைத்தரகர் எடுத்துக்கொண்டால் அது கட்டணத்தைப் பங்கு போடுவதாகாதா என்ற கேள்வி மருத்துவ மன்றம் வரை போனது. 1998-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டணப் பங்கீட்டைத் தடுக்கிறது. நிர்வகிக்கப்படும் பராமரிப்பு நிறுவனங்களைப் பற்றியும் அந்தச் சட்டத்தில் ஒரு பகுதி உண்டு. ஆயினும் இந்த இடைத்தரகர்களைத் தனியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அரசே வாங்குபவராக இருக்கும் திட்டங்களும் உண்டு. வசதி குறைந்த குடும்பங்கள் தனியார் கிளினிக்கில் பார்த்துக்கொள்ள 2023 ஜூன் 15 அன்று தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி வரை தந்தது. கிளினிக்குகளுக்குப் பணத்தைக் கொடுப்பது சுகாதார அமைச்சின் புரொடெக்ட்ஹெல்த் நிறுவனம். வேலையிடத்தில் அடிபட்டால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். ஒவ்வொரு திட்டமும் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஆனால் ஒவ்வொன்றும் கவுண்டருக்கு இன்னொரு திரை, இன்னொரு படிவம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்

கிளினிக் உதவியாளர் என்பவர் யார்? பெரும்பாலும் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பெண். வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்பவர். காலையில் அறையைத் திறந்து கருவிகளைச் சுத்தம் செய்து, மருந்து இருப்பைப் பார்த்து, நோயாளியின் எடையும் ரத்த அழுத்தமும் குறித்து, மருத்துவர் சொன்ன மருந்தை எடுத்து உறையில் போட்டு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வங்காளதேசத் தொழிலாளிக்குச் சைகையிலும் விளக்கி, காசு வாங்கி, பேனல் பில் தட்டி, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி மூடுபவர். பெரிய மருத்துவமனையில் ஐந்து பிரிவுகள் செய்யும் வேலை இங்கே இரண்டு பேர் கையில்.

அவர் கையில் இருப்பது பணக்கணக்கு மட்டுமா? ஒருவரின் உடல்நலச் செய்தியும் அவர் கையில்தான். 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவலாக வைத்திருக்கிறது. 2025 ஜூன் முதல் தகவல் கசிந்தால் அறிவிப்பதும் கட்டாயம். காத்திருப்போர் நடுவே ஒருவரின் நோயைச் சத்தமாகக் கேட்பது, கோப்பைத் திறந்து போடுவது, முதலாளி தொலைபேசியில் கேட்டவுடன் "ஆமாம், அவருக்கு இன்ன நோய்" என்று சொல்லிவிடுவது எல்லாம் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஒரு தொழிலாளியின் வேலையே அதனால் போகலாம். இதை யார் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போது மின்-ரசீதும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களோடு உள்நாட்டு வருமான வரி வாரியம் தொடங்கிய இது, படிப்படியாகச் சிறியவர்களை நோக்கி இறங்கியது. பெரிய மருத்துவமனைக்கு அதற்கென ஒரு கணினிப் பிரிவு இருக்கும். இரு ஊழியர்கள் உள்ள கிளினிக்கில் மறுபடி அதே கவுண்டர்தான்.

இந்த வேலைக்கு நாட்டில் மதிப்பான பெயரும் முறையான பயிற்சியும் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கும்போது, பழகிய உதவியாளர் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. போகும்போது அவரோடு பத்து டி.பி.ஏ.க்களின் விதிகளும் போய்விடுகின்றன. எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

பாலத்தின் இந்தக் கரை

ஜொகூருக்கென்றே சில கணக்குகள் உண்டு. சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் மெடிசேவ் சேமிப்பை மலேசியாவில் பயன்படுத்த 2010 மார்ச் 1 முதல் அனுமதி கிடைத்தபோது, மாசாய் அருகே பண்டார் ஸ்ரீ ஆலாமில் ஓராண்டு முன்பு திறந்திருந்த ரீஜென்சி ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு நாட்டின் சேமிப்புக் கணக்கிலிருந்து இன்னொரு நாட்டின் மருத்துவமனைக்குப் பணம் போகும் ஏற்பாடு, எல்லையோர ஊரில்தான் முதலில் அர்த்தம் பெறும்.

2025 ஜூலை 1 முதல் குடிமக்கள் அல்லாதோருக்குத் தரும் தனியார் மருத்துவச் சேவைக்கு 6 சதவீதச் சேவை வரி. ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் அந்தச் சேவையில் ஈட்டுவோருக்குத்தான் இது பொருந்தும் என்பதால் சிறு கிளினிக்குகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வருவோரை நம்பும் ஜொகூர் பாரு மருத்துவமனைகளில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் இருவருக்கு இரு வகை ரசீது போட வேண்டியதாயிற்று.

வார விடுமுறைகூட இங்கே கணக்கைக் குழப்பியது. 2014 முதல் 2024 முடிய ஜொகூர் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு. ஜொகூரில் அலுவல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பேனல் அனுமதிக்காகத் தலைநகர் அலுவலகத்தைக் கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்காது. 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கே மாநிலம் திரும்பியது.

நீண்ட ரசீது

கிளினிக்கில் ஒளிந்திருந்த அதே சிக்கல் பெருமருத்துவமனையில் பல பக்க ரசீதாக விரிகிறது. சட்டம் மருத்துவரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. அறை வாடகை, கையுறை, ஊசி, மருந்து, கருவிக் கட்டணம் ஆகியவற்றை மருத்துவமனையின் விருப்பத்துக்கு விட்டது. ஒரு வாசலைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்து வைத்தால் செலவு எந்த வழியாகப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதத்தை எல்லாரும் 'ஜி.எல்.' என்பார்கள். அது வந்தால்தான் படுக்கை, வராவிட்டால் முன்பணம். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் இறுதி ஜி.எல். வரும்வரை நோயாளி மணிக்கணக்கில் காத்திருப்பார். இந்தச் செலவெல்லாம் கடைசியில் காப்பீட்டுச் சந்தாவாகத் திரும்பி வந்தது. 2024 இறுதியில் சந்தா பெருமளவு ஏறியதாகப் புகார்கள் குவிந்தன. டிசம்பர் 20 அன்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும், 80 சதவீதச் சந்தாதாரருக்காவது ஆண்டு உயர்வு பத்துச் சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. நோய்க்கு ஏற்ப ஒட்டுமொத்தக் கட்டணம் நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவரும் பேச்சும் வலுத்தது. மருந்து விலை, மருத்துவர் கட்டணம், சந்தா ஆகிய மூன்றும் ஒரே நூலின் மூன்று முனைகள்.

என்ன செய்ய வேண்டும்

முதலாவது, ஆலோசனைக் கட்டணம் காலத்தோடு தானாகவே நகர வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை போராடி ஒரு தொகை வாங்குவது முறையாகாது. குறைந்தபட்சச் சம்பளத்தை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யச் சட்டம் இருப்பதுபோல் இதற்கும் வேண்டும். உச்சவரம்பை உயர்த்துவது மட்டும் போதாது. பேனல் ஒப்பந்தத்தில் பழைய தொகையே இருந்தால் உயர்வு காகிதத்தில்தான் நிற்கும். முதலாளிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் புதிய தொகையை ஏற்கும்படி செய்ய வேண்டும்.

இரண்டாவது, டி.பி.ஏ.க்களுக்கு உரிமம், கட்டண வரம்பு, பணம் தரக் கெடு. சரியான பில்லுக்கு முப்பது நாளில் பணம், தாமதமானால் வட்டி, மறுத்தால் காரணம் எழுத்தில் என்ற மூன்று விதி போதும். பாதிச் சுமை குறையும். பத்து இணையத்தளங்களுக்குப் பதில் ஒரே வடிவப் படிவம் என்றால் கவுண்டரில் வரிசையும் குறையும்.

மூன்றாவது, கிளினிக்குகள் தாங்களே செய்யக்கூடியது. வெளியே நிற்கும் கடனை முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் என்று பிரித்து மாதந்தோறும் பார்க்கும் பழக்கம். நட்டம் தரும் பேனலை விட்டுவிடும் துணிச்சல். விதிகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துப் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கு. நல்ல மருத்துவராக இருப்பதும் நல்ல நிர்வாகியாக இருப்பதும் வேறு வேறு திறமை. மருத்துவக் கல்லூரி முதலாவதைத்தான் கற்றுத்தருகிறது. இரண்டாவதைக் கற்ற ஊழியரை மதித்து, அதற்கேற்ற சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

நான்காவது, நோயாளியாகிய நாம். கட்டணத்தை முன்கூட்டியே கேட்பதும் விவரமான ரசீது கேட்பதும் நம் உரிமை. 2006 விதிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன. அந்த ரசீதில் 'மருத்துவர் ஆலோசனை' என்ற வரியைப் பார்க்கும்போது முகம் சுளிக்காமல் இருப்பது நம் கடமை. மருந்தே தராமல் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிய மருத்துவருக்கு மனமுவந்து கட்டணம் கொடுக்கும் நாளில்தான், தேவையில்லாத மாத்திரை நம் வீட்டு அலமாரியில் சேர்வது நிற்கும்.

2023 ஜூன் மாதம் மலேசிய நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, நோயை மருத்துவமனையில் சந்திப்பதைவிட முதல்நிலைக் கிளினிக்கிலேயே தடுப்பதுதான் நாட்டின் பாதை என்றது. அந்தப் பாதையின் முதல் படி தாமான் கிளினிக். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அங்கே ஒழுங்காகப் பார்த்தால் ஜொகூர் பாருவின் அரசு மருத்துவமனையான சுல்தானா அமினாவின் நெரிசல் குறையும். காப்பீட்டுச் சந்தாவும் அடங்கும். அந்தக் கிளினிக்கை நேர்மையான ரசீதால், உரிய நேரத்தில் கொடுக்கும் பணத்தால், பயிற்சி பெற்ற ஊழியரால் காப்பாற்ற வேண்டும். இந்தச் செலவு நம்மால் தாங்கக்கூடியது. கிளினிக் மூடிய பிறகு வரும் செலவைத்தான் ஏழைக் குடும்பங்களால் தாங்க முடியாது.

நோயாளிகள் தெரிந்துகொள்ள

* மருந்து விலையைக் கிளினிக்கில் கேட்கலாம். 2025 மே முதல் அதைக் காட்டுவது கட்டாயம்.
* ஆலோசனை, மருந்து, பரிசோதனை என்று தனித்தனியாக எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வரிக்கணக்குக்கும் காப்பீட்டுக்கும் அது உதவும்.
* பேனல் நோயாளியானால் உங்கள் வருகை வரம்பையும் ஆண்டு வரம்பையும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரம்பை வைத்தது கவுண்டர் ஊழியர் அல்லர்.
* வேலையிடத்தில் அடிபட்டால் அதைக் கிளினிக்கில் முதலிலேயே சொல்லுங்கள். சொக்சோ உரிமை அந்தப் பதிவில் தொடங்குகிறது.
* உங்கள் நோய் விவரத்தை உங்கள் சம்மதமின்றி யாருக்கும் சொல்லக் கூடாது. முதலாளிக்கும் அது பொருந்தும்.
* மருத்துவமனையில் சேரும் முன் மதிப்பீட்டுத் தொகையையும் உத்தரவாதக் கடிதம் எதையெல்லாம் ஏற்காது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.